உறக்கத்திலிருந்து எழுந்ததும் விழும் ஒலி ட்ரைவர்: ஊப்ஸ் செய்தியை எங்கிருந்து பிடிப்பது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இது: லினக்ஸ் மடிக்கணினியை மூடித் திறந்தால் ஐந்தில் ஒரு தடவை இயந்திரம் உறைந்துவிடுகிறது. திரையைப் படமெடுத்ததில் நல் பாய்ன்டர், முகவரி 58, ஊப்ஸ் 0000, ஆர்ஐபி வரியில் எச்டிஏ கோடெக் மாடியூலின் பெயர் ஆகியவை தெரிகின்றன. (ஊப்ஸ் என்பது லினக்ஸின் மையமான கெர்னல் தனக்குள் பிழை கண்டதும் எழுதும் செய்தி. நல் பாய்ன்டர், எங்கும் சுட்டாத சுழிய முகவரி. ஆர்ஐபி, விழுந்தபோது செயலி நின்ற இடம். எச்டிஏ, ஹை டெஃபனிஷன் ஆடியோ. கோடெக், எண்களை ஒலியாக்கும் சில்லு. மாடியூல், கெர்னலில் ஏற்றும் நிரல்துண்டு.) இயங்குதளத்தை மறுபடி நிறுவியும் மாறவில்லை. ஒலி மாடியூல்களைத் தடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை, ஆனால் ஒலியும் இல்லை. ‘சவுண்ட் கார்டு கெட்டுப்போச்சா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன் அந்தச் செய்தி எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சியில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

உறுதியாகச் சொல்லக்கூடியது முதலில். முகவரி 58 என்பது பதினாறடிமான எண், தசமத்தில் 88. இவ்வளவு சிறிய முகவரி வந்தால், ஏதோ ஒரு ஸ்ட்ரக்சருக்கான (பல தரவுகளைச் சேர்த்த தொகுப்பு) பாய்ன்டர் சுழியமாக இருக்க, அதன் 88-ஆவது பைட்டில் இருக்கும் உறுப்பை ட்ரைவர் தேடியிருக்கிறது என்று பொருள். ஊப்ஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் 0000, அது படிக்கும் முயற்சி என்கிறது. 0002 என்றால் எழுதும் முயற்சி. 0010 என்றால் சுழிய முகவரிக்கே தாவி நிரலை ஓட்டப் பார்த்தது, அதாவது நிரப்பப்படாத கால்பேக் (பிறகு அழைக்கப் பதிவு செய்துவைக்கும் ஃபங்ஷன்) ஒன்றை அழைத்தது. உங்களுடையது படித்தல். வன்பொருள் செத்தே கிடந்தாலும் ட்ரைவர் சுழிய பாய்ன்டரைத் தொடக்கூடாது. பிழைக்குறியைத் திருப்பிவிட்டு ஒதுங்க வேண்டும். ஆகவே மென்பொருளில் பிழை இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. வன்பொருளின் ஏதோ ஒரு மௌனம் அதைத் தூண்டிவிட்டதா என்பதும், ஆர்ஐபி வரியில் பெயர் வந்த ஃபங்ஷன்தான் குற்றவாளியா என்பதும் இந்தச் செய்தியால் மட்டும் முடிவாகாது. விழுந்த இடம் வேறு, தள்ளிவிட்ட இடம் வேறு. ஒலி ட்ரைவர்களில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் தூரம் அதிகம்.

அடுத்து, படத்தில் இருப்பது முதல் ஊப்ஸா என்று பாருங்கள். ஊப்ஸ் எண்ணுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் #1 என்று இருக்க வேண்டும். #2, #3 என்றிருந்தால் அந்தத் தடத்தை, அதாவது எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலை, நம்பி ஒன்றும் செய்யாதீர்கள். முதல் ஊப்ஸ் நடந்ததும் கெர்னல் அந்தப் ப்ராசஸைக் கொன்றுவிடுகிறது. ஆனால் அது பிடித்திருந்த லாக் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தரவைத் தொடவைக்கும் பூட்டு) விடுவிக்கப்படுவதில்லை. அதற்குக் காத்திருக்கும் எல்லாமே பிறகு ஒவ்வொன்றாக உறையும், ‘120 விநாடிகளுக்கு மேல் தடைபட்டது’ என்ற புகார்கள் வரிசையாக வரும். திரையில் கடைசியாக மிஞ்சுவது இந்தப் பின்விளைவுகள்தான். மூலம் மேலே ஓடிப்போயிருக்கும்.

முதல் ஊப்ஸைக் காப்பாற்ற வழிகள் உண்டு. இயந்திரம் முழுதாக உறையவில்லை என்றால் மறுபடி பூட் செய்து, ஜர்னல்சிடிஎல் கட்டளையைக் கெர்னல் செய்திக்கான ‘கே’, முந்தைய பூட்டுக்கான ‘பி’ கழித்தல் 1 ஆகிய விருப்பங்களோடு ஓட்டுங்கள். உறைந்துவிட்டால் செய்தி வட்டுக்குப் போயிருக்காது. அப்போது பிஸ்டோர் உதவும்: யுஇஎஃப்ஐ நினைவகத்தில் ஊப்ஸின் உரை எழுதப்பட்டு, அடுத்த பூட்டில் சிஸ்டெம்டி அதை எடுத்து வார், லிப், சிஸ்டெம்டி, பிஸ்டோர் என்ற பாதையில் வைக்கும். சில விநியோகங்கள் இதை இயல்பாக அணைத்து வைத்திருக்கும். இஎஃப்ஐ-பிஸ்டோர் மாடியூலின் ‘பிஸ்டோர்-டிசேபிள்’ அளவுருவை 0 ஆக்கினால் இயங்கும். நெட்கன்சோல் மூலம் இன்னொரு கணினிக்கு யுடிபி வழியே அனுப்பலாம், இயல்பான போர்ட் 6666. ஆனால் அதற்குக் கம்பி வழி இணைப்பு வேண்டும், வைஃபையில் நடக்காது. விழித்தெழும் வேளையில் நெட்வொர்க் அட்டையும் தூங்கிக்கொண்டிருக்கும் என்பதால் உங்கள் வழக்குக்கு அது இரண்டாம் பட்சம். முழு நினைவகப் படமே வேண்டுமென்றால் கேடம்ப்: பூட் வரியில் (தொடங்கும்போது கெர்னலுக்குத் தரும் விருப்பங்கள்) க்ராஷ்கெர்னல் அளவை 256 எம் என்று ஒதுக்கி, பேனிக்-ஆன்-ஊப்ஸ் மதிப்பை 1 ஆக்க வேண்டும். எந்த வழியில் போனாலும் பூட் வரியில் ‘நோ-கன்சோல்-சஸ்பெண்ட்’ சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உறங்கப்போகும்போதே கன்சோலும் வாயை மூடிக்கொள்ளும்.

தடம் முழுதாகக் கையில் வந்தபின் பலரும் நேராக ஆர்ஐபி வரிக்கு ஓடுகிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, டெயின்டட் வரி: கெர்னலில் வெளியாள் நிரல் கலந்ததா, முன்பே எச்சரிக்கை வந்ததா என்பதை எழுத்துகளால் காட்டும். அதில் ஜி மட்டும் இருந்தால் கவலையில்லை. பி என்றால் மூடிய மூல மாடியூல், ஓ என்றால் கெர்னல் மரத்துக்கு வெளியே கட்டிய மாடியூல்; இவற்றை ஏற்றாமல் ஒரு முறை விழ வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் மூல நிரலர்கள் அதைத் தொடமாட்டார்கள். டபிள்யூ இருந்தால் அதற்கு முன்பே ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது. அதைத் தேடிப் படியுங்கள், பல நேரங்களில் விடையே அங்கே இருக்கும். இரண்டாவது, காம் என்ற வரி: எந்த ப்ராசஸின் பெயரில் விழுந்தது என்பதை அது சொல்லும். பைப்வயர் (நிரல்களின் ஒலியைக் கருவிக்கு அனுப்பும் சேவை) என்றால் ஒலியைத் திறந்து மூடும் பாதை. கேவொர்க்கர் என்றால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வரிசையில் போடப்பட்ட வேலை. தடத்துக்குள் ஐஆர்க்யூ என்ற குறி இருந்தால் இன்டரப்ட் (கருவி செயலியைக் கூப்பிட அடிக்கும் மணி) கையாளும் பாதை. என் கணிப்பில் முகவரியைவிட இந்த வரிக்கு மதிப்பு அதிகம். யார் ஓடிக்கொண்டிருக்கக் கூடாத நேரத்தில் ஓடினார் என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கிறது.

பிறகு ஆர்ஐபி. ஃபங்ஷன் பெயர், கூட்டல் குறி, ஒரு எண், சாய்கோடு, இன்னொரு எண் என்று வரும்: ஃபங்ஷனின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி, மொத்த நீளம் எத்தனை பைட் என்பவை அவை. கெர்னல் மூலத்தின் ஸ்க்ரிப்ட்ஸ் கோப்புறையில் டிகோட்-ஸ்டாக்ட்ரேஸ் என்றொரு ஸ்க்ரிப்ட் இருக்கிறது. அதே பதிப்பின் டீபக் தகவலோடு கூடிய விஎம்லினக்ஸ் கோப்பைக் கொடுத்தால், ஒவ்வொரு வரியையும் மூலக் கோப்பின் வரி எண்ணாக மாற்றித்தரும். பதிப்பு சிறிது மாறினாலும் வரி எண் தவறாகக் காட்டும், கவனம். தடத்தில் கேள்விக்குறியோடு வரும் பெயர்கள் அடுக்கில் மிச்சமிருந்த பழைய தடயங்களாக இருக்கலாம், அவற்றை வைத்துக் கதை கட்டாதீர்கள். எச்டிஏ ட்ரைவரில் ‘ஏஇசட்எக்ஸ்’ என்று தொடங்கும் பெயர்கள் நிறைய வரும். இன்டெல் 2004-இல் வெளியிட்ட ஹை டெஃபனிஷன் ஆடியோ தரத்தின் குறிப்பெயர் அசேலியா. அதன் சுருக்கம் அது. அந்தப் பெயர் வந்தால் கன்ட்ரோலர் (கோடெக்கைக் கணினியோடு இணைக்கும் பகுதி) பக்கம். ரியல்டெக், எச்டிஎம்ஐ போன்ற பெயர்கள் வந்தால் கோடெக் பக்கம்.

இப்போது, இப்படி விழுவதற்குக் காரணங்கள். ஒரே தரவை நான்கு கைகள் தொடுகின்றன: ஒலியைக் கேட்கும் நிரல், இன்டரப்ட், வரிசையில் காத்திருக்கும் வேலை, மின்சக்தி மேலாண்மை. ஒரு கை எடுத்துவைத்ததை இன்னொரு கை இருப்பதாக நினைத்துத் தொட்டால் ஊப்ஸ். ஹெட்ஃபோனைச் செருகினால் கோடெக் கேட்காமலே ஒரு செய்தி அனுப்பும். இன்டரப்ட் அதை வாங்கி வரிசையில் போட்டுவிட்டுப் போய்விடும், கேவொர்க்கர் பிறகு வந்து கவனிக்கும். அதற்குள் நீங்கள் மூடியைச் சாத்திவிட்டால், கோடெக்கின் மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின்னரோ, திறந்ததும் அது முழுதாகத் தயாராகும் முன்னரோ அந்த வேலை ஓடும். உறங்கும் முன் வரிசையைக் காலி செய்வதும், வேலை தொடங்கும்போது கருவி விழித்திருக்கிறதா என்று பார்ப்பதும்தான் மருந்து. எச்டிஏ மூல நிரலில் இதே மாதிரித் திருத்தங்கள் ஏற்கெனவே ஏறியிருக்கின்றன. ஆகவே பழைய கெர்னலில் இருப்பவர் முதலில் புதிய நிலையான பதிப்பைப் போட்டுப் பார்ப்பது நியாயமானது.

இன்டரப்ட் வழியாகவும் இதே வரலாம். ஒரே இன்டரப்ட் கோட்டைப் பல கருவிகள் பகிரும்போது, பக்கத்துக் கருவி மணியடித்தாலும் ஒலி ட்ரைவரின் ஃபங்ஷன் அழைக்கப்படும். அதனால் இன்டரப்டைப் பதிவு செய்வதற்கு முன்பே எல்லா ஸ்ட்ரக்சரும் நிரம்பியிருக்க வேண்டும். கழற்றும்போது முதலில் இன்டரப்டை விட்டுவிட்டுத்தான் நினைவகத்தை விட வேண்டும். தூங்கும் பிசிஐ கருவியின் ரெஜிஸ்டரைப் படித்தால் எல்லா பிட்டும் 1 ஆக, அதாவது எட்டு எஃப் ஆக வரும். அதை நிலைக்குறி என்று நம்பினால், எல்லா ஸ்ட்ரீமும் முடிந்துவிட்டதாக நினைத்து இல்லாத ஸ்ட்ரீமைத் தொடும். எச்டிஏ ட்ரைவர் 0 வந்தாலும், எல்லாம் எஃப் வந்தாலும் ‘எனக்கில்லை’ என்று திருப்பிவிடுகிறது. நீங்களே ஒரு ட்ரைவர் எழுதிக்கொண்டிருந்தால் இந்த ஒரு வரியை மறக்காதீர்கள். டைமர்களுக்கும் இதே கதி: தள்ளிவைத்த வேலையை ரத்து செய்யும்போது ‘சிங்க்’ என்று முடியும் வடிவத்தை அழைக்காவிட்டால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது முடியும் வரை அது காத்திருக்காது. நினைவகம் காலியான பின்னும் அது தொட்டுக்கொண்டிருக்கும். யுஎஸ்பி ஒலிக் கருவியைப் பாட்டு ஓடும்போதே பிடுங்கினால் விழுவது பெரும்பாலும் இந்த வகை.

லாக் தவறுகள் வேறு முகம் காட்டும். ஒலி ஓட்டத்தைத் தொடங்கி நிறுத்தும் பிசிஎம் ட்ரிகர் கால்பேக் இயல்பாக அணுநிலையில், அதாவது இடைநிறுத்தமே கூடாத நிலையில் ஓடுகிறது. அதற்குள் காத்திருக்க வைக்கும் எம்ஸ்லீப்போ ம்யூடெக்ஸோ வந்தால் ‘ஷெட்யூலிங் வைல் அடாமிக்’ என்று கெர்னல் கத்தும். ஒலியின் ஒரு துண்டு முடிந்தது என்று அறிவிக்கும் பீரியட்-எலாப்ஸ்ட் ஃபங்ஷனை ட்ரைவர் தன் லாக்கைப் பிடித்துக்கொண்டே அழைத்தால், அது திரும்பி வந்து ட்ரிகரையோ, ஒலி எந்த இடத்தில் ஓடுகிறது என்று சொல்லும் ‘பாய்ன்டர்’ கால்பேக்கையோ அழைக்க, அதே லாக்கை மறுபடி கேட்டு நிற்கும். அங்கே ஊப்ஸ் வராது, வெறும் உறைதல்தான், இருபது விநாடிகளுக்குப் பிறகு சாஃப்ட் லாக்கப் செய்தி வரும். உங்களிடம் ஊப்ஸ் வந்திருப்பதால் இந்த வகையைக் கடைசிக்குத் தள்ளலாம்.

சோதனைக்கு வருவோம். வட்டில் எழுத வேண்டியவற்றை எழுதிவிடும் சிங்க் கட்டளையை ஓட்டி, திறந்த கோப்புகளை மூடிவிட்டுத் தொடங்குங்கள். எஸ்என்டி-எச்டிஏ-இன்டெல் மாடியூலின் ‘பவர்-சேவ்’ அளவுரு விநாடிக் கணக்கு. அதை 0 ஆக்கினால் சும்மா இருக்கும் கோடெக்கை அணைக்கும் வேலை நின்றுவிடும். கூடவே, அந்தப் பிசிஐ கருவியின் பவர் கோப்புறைக்குள் கன்ட்ரோல் கோப்பில் ‘ஆட்டோ’வுக்குப் பதில் ‘ஆன்’ எழுதுங்கள். இவற்றால் விழுவது நின்றால் ஓட்ட நேர மின்சேமிப்பும் முழு உறக்கமும் மோதுகின்றன என்ற ஊகம் வலுக்கிறது. நிரூபணம் ஆகிவிடாது, நேரம் மாறினாலே மறையும் பிழைகள் உண்டு.

மூடியைத் திறந்து மூடிக் கையை நோகடிக்க வேண்டாம். சிஸ் மரத்தில் பவர் கோப்புறையில் பிஎம்-டெஸ்ட் என்ற கோப்பு இருந்தால், அதில் ‘டிவைசஸ்’ என்று எழுதிவிட்டு உறக்கத்தைக் கோருங்கள். கருவிகளை மட்டும் உறங்க வைத்து, 5 விநாடி காத்து, எழுப்பிவிடும். செயலியும் ஃபர்ம்வேரும் தொடப்படுவதில்லை. இதிலேயே விழுந்தால் பிழை ட்ரைவருக்குள் சுருங்கிவிட்டது. இதில் விழாமல் உண்மையான உறக்கத்தில் மட்டும் விழுந்தால், மின்சாரம் நிஜமாகவே போய் வருவதால் கோடெக்கின் நிலை அழிவதைச் சந்தேகிக்கலாம். உண்மையான உறக்கத்துக்கு ஆர்டிசிவேக் கட்டளையில் ‘மெம்’ நிலையும் 20 விநாடியும் கொடுத்து, ஒரு லூப்பில் ஓடவிடுங்கள். பின்னணியில் ஸ்பீக்கர்-டெஸ்ட் ஓடட்டும். ஒரு சுற்று ஹெட்ஃபோனோடு, ஒரு சுற்று இல்லாமல். அதே பவர் கோப்புறையில் பிஎம்-அசிங்க் கோப்பில் 0 எழுதினால் கருவிகள் ஒரே நேரத்தில் அல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக எழும். அப்போது பிழை மறைந்தால், இரண்டு கருவிகள் ஒன்றையொன்று எதிர்பார்த்திருப்பதைத் தேடுங்கள். எச்டிஎம்ஐ ஒலி கிராஃபிக்ஸ் ட்ரைவரை நம்பியே இருப்பதால் அதில்தான் இது அதிகம்.

எத்தனை சுற்று என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். ஐந்தில் ஒரு தடவை விழும் பிழை, ஒன்றும் செய்யாமலே தொடர்ந்து 10 சுற்றுகள் வராமல் போக நூற்றுக்குப் பத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு. 20 சுற்று என்றால் அது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றாகிறது. எதை மாற்றினாலும் 20-க்குக் குறைவான சுற்றில் ‘சரியாகிவிட்டது’ என்று எழுதாதீர்கள்.

வன்பொருளைச் சந்தேகிக்க வேறு அடையாளங்கள் வேண்டும். ஊப்ஸுக்கு முன் ‘ஏஇசட்எக்ஸ் கெட் ரெஸ்பான்ஸ் டைம்அவுட்’ என்று வந்தால் கோடெக் பதில் சொல்லவில்லை. ட்ரைவர் முதலில் போலிங் முறைக்கு (மணிக்குக் காத்திராமல் தானே திரும்பத் திரும்பப் பார்ப்பது) மாறும், பிறகு எம்எஸ்ஐ இன்டரப்டைக் கைவிட்டுப் பார்க்கும். அப்போது கணினியை முழுதாக அணைத்து, சார்ஜரையும் பிடுங்கிச் சிறிது நேரம் விட்டு மறுபடி பூட் செய்யுங்கள். வெறும் ரீபூட்டில் கோடெக்கின் மின்சாரம் போகாமலே இருக்கலாம். விண்டோஸும் கூடவே இருந்தால் அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். நினைவகக் காவலான ஐஓஎம்எம்யூவிடமிருந்து டிஎம்ஏஆர் அல்லது ஏஎம்டி-விஐ என்று தொடங்கும் பிழை வரி வந்தால், கருவி தனக்கு அனுமதியில்லாத நினைவகத்தைத் தொட முயன்றது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில், கோப்பு முறைமையில் ஒரு தடவை, நெட்வொர்க்கில் ஒரு தடவை என்று விழுந்தால் நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்டை இரவு முழுக்க ஓட்டுங்கள். எப்போதும் அதே ஃபங்ஷனில் அதே எண்ணில் விழுந்தால் நினைவகச் சில்லு காரணமாக இருப்பது அரிது. டிஎஸ்பி பேனிக் என்ற செய்தி வந்தால் அது ஒலிச் செயலியின் ஃபர்ம்வேர் விழுந்தது, கெர்னல் விழவில்லை. அதற்கு எஸ்ஓஎஃப் ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பித்துப் பார்க்க வேண்டும்.

விடுவிக்கப்பட்ட நினைவகம் தொடப்படுகிறதா என்று அறிய, பூட் வரியில் ‘ஸ்லப்-டீபக்’ மதிப்பாக எஃப், இசட், பி, யு என்ற நான்கு எழுத்துகளைக் கொடுத்தால் போதும். கெர்னலை மறுபடி கட்ட வேண்டியதில்லை. காலியான இடம் முழுக்க 6பி என்ற பைட் நிரப்பப்படும். அடுத்த ஊப்ஸில் முகவரி 58-க்குப் பதில் 6பி6பி6பி என்று வந்தால் கதை முடிந்தது. டெட் என்று தொடங்கும் முகவரி வந்தால், பட்டியலிலிருந்து கழற்றப்பட்டதை மறுபடி கழற்றப் பார்த்திருக்கிறது. இதற்கும் மேல் வேண்டுமென்றால், தவறான நினைவகத் தொடுகையைப் பிடிக்கும் கேசான் சேர்த்துக் கட்டிய கெர்னல். நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை விழுங்கும், வேகமும் குறையும். ஆனால் தொட்டது யார், ஒதுக்கியது யார், விடுவித்தது யார் என்ற மூன்று தடங்களையும் ஒன்றாகத் தரும்.

முந்தைய கெர்னல் ஒன்றில் இது நடந்ததே இல்லை என்றால், பிழையைக் கொண்டுவந்த மாற்றத்தைப் பாதி பாதியாகத் தேடும் கிட் பைசெக்ட்தான் குறுக்குவழி. இரண்டு அடுத்தடுத்த வெளியீடுகளுக்கு நடுவே பதினைந்தாயிரம் மாற்றங்கள் இருந்தாலும் 14 பாதியாக்கல்களில் ஒரே மாற்றத்துக்கு வந்துவிடலாம். லோக்கல்மாட்கான்ஃபிக் கொண்டு உங்கள் இயந்திரத்துக்குத் தேவையான மாடியூல்களை மட்டும் கட்டினால் ஒவ்வொரு கட்டலும் சீக்கிரம் முடியும். சவுண்ட் கோப்புறைக்குள் மட்டும் தேடச் சொல்லலாம், எண்ணிக்கை வெகுவாகக் குறையும். ஆனால் மூலம் பிசிஐ அல்லது மின்மேலாண்மைப் பகுதியில் இருந்தால் தவறான மாற்றத்தில் போய் நிற்கும். பூட்டே ஆகாத பதிப்பை ‘நல்லது’, ‘கெட்டது’ என்று ஊகிக்காமல் ‘ஸ்கிப்’ கொடுங்கள்.

புகார் அனுப்பும்போது முதல் ஊப்ஸை ‘பக்’ என்ற வரியிலிருந்து ‘எண்ட் ட்ரேஸ்’ வரை வெட்டாமல் உரையாகக் கொடுங்கள். கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையின் வெளியீட்டில் சப்சிஸ்டம் எண்களும் வேண்டும், எச்டிஏ ட்ரைவர் ஒவ்வொரு மடிக்கணினிக்குமான விசேஷத் திருத்தங்களை அந்த எண்ணை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறது. ஒலி அமைப்பின் விவரங்களைத் திரட்டும் அல்சா-இன்ஃபோ ஸ்க்ரிப்டின் வெளியீடு, கெர்னல் பதிப்பு, இருபது சுற்றில் எத்தனை முறை விழுந்தது, எந்தச் சோதனையில் மறைந்தது ஆகியவையும் சேரட்டும். விநியோகத்தின் கெர்னலில் மட்டும் நடந்தால் விநியோகத்தாருக்கு. மூலக் கெர்னலிலும் நடந்தால் கெட்-மெய்ன்டெய்னர் ஸ்க்ரிப்ட் காட்டும் பொறுப்பாளர்களுக்கு. பதில் வரும்வரை பவர்-சேவ் 0 என்பதை மாட்ப்ரோப்-டி கோப்புறையில் ஒரு கான்ஃப் கோப்பாக எழுதி வையுங்கள். அதிலும் விழுந்தால், பைப்வயரையும் அதன் துணைச் சேவையான வயர்ப்ளம்பரையும் நிறுத்தி மாடியூலைக் கழற்றியபின் உறங்கவிட்டு, எழுந்ததும் ஏற்றலாம். அவற்றை நிறுத்தாமல் கழற்றினால் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுக்கும். யார் பிடித்திருக்கிறார்கள் என்று ஃப்யூசர் கட்டளை காட்டும். சவுண்ட் கார்டை மாற்றும் செலவுக்கு, டைம்அவுட் வரிகள் முழு அணைப்புக்குப் பிறகும் தொடர்ந்து வந்தால் மட்டும் போங்கள்.